படி வளைவில் ஓர் அலமாரி

“மச்சான், விட்றாத! விட்டா நான் காலி லா!”

விமலன் போட்ட சத்தம் புக்கிட் பெருவாங் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்டிருக்கும். மாடிப்படி வளைவில் பழைய மர அலமாரி ஒன்று சாய்ந்து கிடந்தது. மேல்முனையை மைத்துனன் தினேஷ்வரன் பிடித்திருந்தான். அடிமுனை விமலனின் நெஞ்சுக்கு நேராக அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் சுவர்.

வீடு மாற்றிக் கொடுப்பதில் பத்து வருட அனுபவம் அவனுக்கு. ஆனால், காலி அலமாரி புது வீட்டுக்குள் போகக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. அதனால் உள்ளே இருந்த பட்டுப்புடவைகளையெல்லாம் அப்படியே வைத்துக் கட்டச் சொல்லியிருந்தான். அன்றைக்கு முதல் சாமானே இதுதான். அந்தப் பாரம் இப்போது அவன் உயிருக்கே உலை வைத்தது.

“கை வழுக்குது மாமா!”

சமையலறையிலிருந்து ஓடிவந்தாள் வீட்டுக்காரி நிர்மலாதேவி. ஊதினால் பறந்துவிடுவாள் போன்ற உடம்பு.

“அக்கா, கிட்ட வராதீங்க! நசுங்கிடுவீங்க!”

அவள் காதில் வாங்கவே இல்லை. காலில் கிடந்த ரப்பர் செருப்புகளைக் கழற்றி, அலமாரியின் அடிவிளிம்புக்கும் படிக்கும் நடுவே செருகினாள். அலமாரி அப்படியே நின்றது!

விமலன் வாயைப் பிளந்தான். இரண்டு ஆம்பளைகள் மூச்சைப் பிடித்தும் நிற்காத பாரத்தை ஒரு ஜோடி செருப்பு நிறுத்திவிட்டதே!

“கைய நீட்டித் தள்ளாதீங்க தம்பி. நீட்டுன கைக்குத் தெம்பு இல்ல. கிட்டப் போங்க, முட்டிய மடக்குங்க. நெஞ்சோட சேர்த்து அணைச்சுக்கங்க.”

அணைத்தான். பாதி எடை எங்கேயோ போய்விட்டது போலிருந்தது. இருவருமாக அதை வளைவுப் படியில் நிமிர்த்தி நிறுத்தினார்கள். நிர்மலாதேவி ஒரு போர்வையை மடித்து அதன் கால்களுக்கு அடியில் நுழைத்தாள்.

“இப்ப யாரும் தூக்க வேணாம். போர்வைய இழுத்தாப் போதும். ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுவேன். சொல்லாம அசைச்சா பயந்துக்கும்.”

“எது, அலமாரியா?” என்று அந்த நேரத்திலும் தினேஷ்வரனுக்குச் சிரிப்பு வந்தது.

“பழக்கதோஷம் தம்பி,” என்று அவளும் வெட்கத்தோடு சிரித்தாள்.

மூன்று சொன்னதும் போர்வை நுனியைப் பிடித்தபடி உடம்பைப் பின்னால் சாய்த்தாள். அவ்வளவுதான். அத்தனை பெரிய அலமாரி சத்தமே இல்லாமல் வளைவைச் சுற்றித் திரும்பியது. விமலனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயில் தேர் திரும்பும்போதுகூட அவன் இப்படி மெய்மறந்து நின்றதில்லை.

அலமாரி லோரியில் ஏறியதும் நேராக அவளிடம் வந்தான்.

“அக்கா, என் உயிர காப்பாத்திட்டீங்க. யாருக்கா இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?”

“எங்க வீட்டுக்காரருதான்.”

“அடேயப்பா! அண்ணன் பெரிய லோரி கம்பெனில இருந்தாரா?”

“இல்ல தம்பி, பேங்க்ல கிளார்க்.”

“எந்த வேலையா இருந்தா என்ன லா! கைகாரரு. அவரைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் மறுவேலை.”

“உள்ளதான் இருக்காரு, வாங்க.”

விமலன் வியர்வையைத் துடைத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு பயில்வானைப் பார்க்கப்போகிற பயபக்தியோடு பின்னறைக்குள் நுழைந்தான்.

கட்டிலில் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத ஒருவர் அசையாமல் படுத்திருந்தார். கண்கள் மட்டும் அவனை நோக்கித் திரும்பின.

“ஸ்ட்ரோக் வந்து ஆறு வருசமாச்சு தம்பி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடலன்னா முதுகு புண்ணாயிடும்,” என்ற நிர்மலாதேவி, ஒற்றை ஆளாக அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள்.