அவளுக்கு மட்டும் ஒரு மாஸ்க்

“தம்பி பேசுவாராக்கா?”

வெள்ளைக் கோட்டுப் பையன் என் தலைக்கு மேலாக அக்காவைக் கேட்டான். சக்கர நாற்காலியில் மூக்கும் முழியுமாக நான் உட்கார்ந்திருக்கிறேன்!

இடது கையால் மணியை அடித்தேன். டிங். அவன் அவுட்.

என் வேலையே இதுதான். டாக்டருக்குப் படிக்கிறவர்களின் பிராக்டிகல் பரீட்சையில் நான்தான் நோயாளி. என்னை விட்டுவிட்டுப் பக்கத்து ஆளைக் கேட்டால் மணி அடிக்கச் சொல்லியிருக்கிறார் பரீட்சை நடத்துகிற மேடம். மணியை என் வலது கையில் கொடுத்தார். அந்தக் கை பிறந்ததிலிருந்தே என் பேச்சைக் கேட்காது. நானே இடதுக்கு மாற்றிக்கொண்டேன். பேச்சும் குழறும். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டாயிற்று.

சுவரில் மேடமே எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘குறையைப் பார்க்காதே, ஆளைப் பார்.’

அந்தப் பையன் போனதும் மேடம் வந்து என் மடியில் ஒரு மாஸ்க்கை வைத்தார்.

“இப்ப வர்ற பொண்ணுகிட்ட மட்டும் இதைப் போட்டுக்கிட்டுப் பேசு தம்பி.”

“ஏன்?” மூன்று தடவை கேட்ட பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

“அவ மேல ஒரு சந்தேகம். நான் நினைக்கிறது சரின்னா இன்னிக்கோட வீட்டுக்கு அனுப்பிடுவேன். நீ போட்டுக்கோ, போதும்.”

அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனதும் அக்கா கிசுகிசுத்தாள்.

“பிட் அடிக்கிற கேஸுடா. காதுல எதையாவது மாட்டிக்கிட்டு வெளியில இருந்து பதில் கேட்டுக்கும்.”

“அதுக்கு எனக்கு எதுக்கு மாஸ்க்?”

“எனக்கென்ன தெரியும்? வாயை மூடு, வந்துட்டா.”

காரணம் சொல்லாமல் வேலை வைத்தால் எனக்குப் பிடிக்காது. முதலில் ஆளைப் பார்ப்போம்.

காதை மூடி முடியை விட்டிருந்தாள். அக்கா என்னைக் கிள்ளினாள்.

நாற்காலியை இழுத்து என் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். “உங்களுக்கு எங்க வலிக்குது?”

சொன்னேன்.

“புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னேன்.

“இடுப்பா?”

“ஆமா.”

ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆனால் என்னையே கேட்டாள். கண் என் வாயை விட்டு நகரவில்லை. இத்தனை ஒழுங்கா? எனக்கே சந்தேகம் தட்டியது.

அக்கா அவள் முதுகுப் பக்கம் போய், “ஏம்மா, உன் கோட்டு சக்கரத்துல மாட்டியிருக்கு” என்றாள்.

அவள் திரும்பவில்லை.

“ஏம்மா, கோட்டு!”

ம்ஹூம்.

நான் விரலை நீட்டிக் காட்டினேன். குனிந்தாள். முடி விலகியது. காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மெஷின்.

“பாத்தியா! நான் சொன்னேன்ல!” என்றாள் அக்கா.

மண்ணாங்கட்டி. என் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரன் அதேமாதிரிதான் மாட்டியிருப்பான். காது சரியாகக் கேட்காது அவனுக்கு. பேசுகிறவர் வாயையும் பார்த்தால்தான் புரியும்.

நிமிர்ந்தவள் அவசரமாக முடியை இழுத்துவிட்டாள். என் மடியில் கிடந்த மாஸ்க்கைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் தன் வாயைத் தொட்டுத் தொட்டுச் சைகை காட்டினார். போடு, போடு.

நான் வாயை நன்றாகத் திறந்து அடுத்த வலியைச் சொன்னேன். கடைசிவரை மணி அடிக்கவில்லை. அவள் பாஸ்.

அவள் போனதும் மேடம் வேகமாக வந்தார். “ஏன் தம்பி மாஸ்க் போடல?”

வலது கையைத் தூக்கிக் காட்டினேன். நடுங்கியது. “கை வரல மேடம்.”

“ஐயோ பாவம், எனக்குத் தோணவே இல்ல பாரு” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

காலையிலிருந்து மணி அடித்த இடது கையால் மாஸ்க்கைக் கசக்கி, மூலையிலிருந்த குப்பைக் கூடைக்கு வீசினேன். குறி தப்பவில்லை.