பதினோராம் பாகத்து அழுகை

“அடுத்தது படி. பாராட்டா இருந்தா மட்டும் சத்தமா படி.”

வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டே குரல்காரர் சொன்னார். மனைவி கைபேசித் திரையை விரலால் தள்ளினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள்.

“என்ன, ஒண்ணு கூடவா இல்ல?”

“இருங்க, தேடுறேன்.”

“கிண்டலா? சரி, எல்லாத்தையும் படி. இவனுங்க யோக்கியதையத்தான் பார்ப்போமே.”

‘ஈரச் சுவர்’ ஒரு பேய்த் தொடர். படிக்க வேண்டாம், காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் போதும். சமையலறையை ஒட்டிய அறையில், சன்னலை மெத்தையால் அடைத்துவிட்டு, அவர்தான் அதற்குக் குரல் கொடுத்து வந்தார். பதிவு முடிந்ததும் அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவார். இசை சேர்த்து வெளியிடுவது அவர்கள் பாடு. கேட்டவர்கள் கீழே கருத்து எழுதுவார்கள். அந்தக் கருத்துகள்தான் முதல் பாகத்திலிருந்தே அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தன.

“‘பேய் வந்தா பயம் வரணும். இவர் வந்தா கொட்டாவி வருது.’”

“அடுத்தது.”

“‘எங்க பாப்பா தூங்கவே மாட்டா. இதைப் போட்டேன், உடனே தூங்கிட்டா. குரல் கொடுத்த அண்ணனுக்குக் கோடி நன்றி.’” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சிரிக்கிறியா?”

“இல்லீங்க. நன்றிதானே சொல்லிருக்காங்க.”

“அதெல்லாம் காதா? கண்ணாடி மாட்டிக்க ஆண்டவன் வச்ச கொக்கி! பஸ்ல தொங்கிக்கிட்டும் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டும் கேக்கறதுங்களுக்கு என் ஏற்ற இறக்கம் எங்க புரியப்போகுது? நீயும் அந்தக் கூட்டம்தானே. ம், மேல படி.”

அவள் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். விரல் நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திட்ட?”

“எழுத்து பொடிசா இருக்குங்க.”

“கொடு இங்க.” பிடுங்கி அவரே படித்தார்.

‘பதினோராம் பாகம் கேட்டேன். செவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு அழறாளே, அப்பா! குலை நடுங்கிடுச்சு.’

அதற்குக் கீழே: ‘கதை குப்பை. குரல் அதைவிடக் குப்பை. அந்த அழுகை மட்டும் தங்கம்.’ அதற்கும் கீழே: ‘அந்த அழுகைக்காகவே நாலு தடவை கேட்டுட்டேன்.’

குப்பை என்ற சொல்லை அவர் கண் லேசாகத் தாண்டிப் போய்விட்டது. தங்கத்தில் மட்டும் போய் நின்றது. அதற்குள் கைபேசி அடித்தது. நிறுவனத்தில் தொடரைக் கவனிக்கும் அம்மாள்.

“சார், தொடரை நிறுத்திடலாம்னு நேத்து முடிவே பண்ணிட்டாங்க. அந்த அழுகைதான் காப்பாத்துச்சு. எங்க பக்கம் யாரும் சேர்க்கல. யாரு சார் அந்தப் பொண்ணு?”

குரல்காரர் ஒரு கணம் விழித்தார். ஒரு கணம்தான்.

“பொண்ணா? நான்தான் மேடம். தொண்டையை இறுக்கி, மூச்சை உள்ள வாங்கி, அப்படியே விட்டு விட்டு... அது ஒரு வித்தை.”

“நீங்களா! எனக்கே புல்லரிச்சுப் போச்சு சார். நாளைக்குப் பன்னிரண்டாம் பாகம் எடுக்கறீங்க இல்ல? கடைசி வரைக்கும் அந்த அழுகை வந்துக்கிட்டே இருக்கணும். வரலேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். வேற யாராலயும் தொடரைக் காப்பாத்த முடியாது, பார்த்துக்குங்க.”

“என்கிட்ட விட்டுடுங்க மேடம்.”

கைபேசியை வைத்தவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி மெல்லக் கேட்டாள்.

“எப்படிங்க செஞ்சீங்க?”

“தொழில் ரகசியம். சொன்னாலும் உன் மண்டையில ஏறாது.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பதினோராம் பாகத்தை ஓடவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டார். தன் கர்ஜனைக்கு அடியில், ஆமாம், அது கேட்டது. பின்னால் தள்ளி இன்னொரு முறை கேட்டார். பிறகு மைக்கின் முன் நின்று, தொண்டையை இறுக்கி, மூச்சை உள்ளே வாங்கினார்.

முதல் தடவை ஆடு கத்தியது. அடுத்த தடவை சைக்கிளுக்குக் காற்றடித்தது. அதற்கடுத்தது வெறும் இருமல்.

“ஏங்க, தொண்டைல ஏதாவது மாட்டிக்கிச்சா? தண்ணி கொண்டாரவா?” சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“நீ உன் வேலையைப் பாரு!”

நாற்காலியில் சரிந்தார். இத்தனை பாகங்கள் தொண்டை வறளக் கத்தியும் வராத பேர், போயும் போயும் ஒரு விசும்பலால் வந்திருக்கிறது. அதுவும் நாளையோடு போய்விடும். எழுந்து கதவைத் திறந்தார்.

அவள் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் சாய்ந்து நின்றார். கதையில் நல்லவர்களுக்கு மட்டும் கொடுக்கும் குரலில் பேசினார்.

“ஏம்மா, அந்தப் பதினோராம் பாகம் எடுத்த அன்னிக்கு, ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஏதோ சொன்னேனே. என்ன சொன்னேன்?”

முணுமுணுப்பு நின்றது. “இப்ப எதுக்குங்க அது?”

“சொல்லேன். ஒரு வார்த்தை மாறாம.”

துடைத்த இடத்தையே அவள் மறுபடி துடைத்தாள்.

“‘சாகும்போதுகூட உங்கம்மா உன்னைத் தேடல. அவ்வளவுதான் உன் லட்சணம்’னு சொன்னீங்க.”

“ம்” என்று தலையாட்டிவிட்டு அவர் அறைக்குத் திரும்பினார். நாளைய வேலை தெளிவாகிவிட்டது: மைக்கைச் சமையலறைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும், உள்ளே போகுமுன் அவளிடம் அதையே, கடைசி வரைக்கும் தாங்குகிற மாதிரி, இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்ல வேண்டும்.