ஏரிக்குள் சிறுத்தை

"சிறுத்தை நடமாட்டமுன்னு ஊரே நடுங்குது. பஞ்சர் கடை ராசப்பன் மட்டும் தெனமும் ஏரிக்குள்ள போயிட்டு வாரான். அவனை மட்டும் தின்னாதுங்களா அது?"

உள்ளூர்க் காளியண்ணன் கேட்டது வனவர் பிரவீனாவுக்கு நியாயமாகத்தான் பட்டது.

எருமப்பட்டிப் பக்கத்து அந்த ஏரிக்கு அவள் வந்ததே வேறு வேலையாக. நாரைகளைக் காப்பாற்ற இரண்டு வருஷமாகப் போர்டு, வேலி, அபராதம் எல்லாம் பார்த்தாயிற்று. போர்டைக் காணோம். வேலிக் கம்பி யார் வீட்டு ஆட்டுப்பட்டியிலோ இருக்கிறது. நாரையைக் கறிக்கு அடிப்பதும் நின்றபாடில்லை. இந்த முறையும் கூடு இல்லையென்றால் திட்டத்தையே கைவிடச் சொல்லி உத்தரவு.

"மண்ணு அள்றானோ, மரம் வெட்றானோ! நீங்களே போய்ப் பாருங்க மேடம்" என்ற காளியண்ணன், கரையை விட்டு ஓரடி இறங்கவில்லை.

சேற்றில் கால்தடம். பிரவீனா குனிந்தாள். விரலுக்கு விரல் நகம் பதிந்திருந்தது.

சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டல்லவா நடக்கும்?

புதருக்குப் பின்னால் ராசப்பன். கையில் சாக்கு.

"சாக்குல என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"நாரைக் கறியா? கொட்டுங்க!"

லாரி டயரை அறுத்துச் செய்த நாலு பாதங்கள் விழுந்தன. சிறுத்தை முழுசாக அந்தச் சாக்குக்குள்தான் இருந்தது.

"ஊரையே ஏமாத்திட்டு இங்க என்னய்யா பண்றீங்க?"

ராசப்பன் மேலே காட்டினான். கரையிலிருந்து தெரியாத உள்பக்கக் கருவேல மரமெல்லாம் கூடு. கூடெல்லாம் நாரைக் குஞ்சு.

"உங்க போர்டுக்கு எவனாச்சும் பயந்தானுங்களா? இதுக்குப் பயந்து ஒரு பய வரலீங்க. குஞ்சுக்கு றெக்கை முளைக்கட்டும். அப்பறம் கேஸ் போடுங்க, நானே வாரேன்."

"பொய்யாப் புலி காட்டறது குத்தம், தெரியுமில்ல? நடங்க!"

கரையில் அரை ஊர் கூடியிருந்தது. காளியண்ணன் முந்திக்கொண்டு வந்தான்.

"ரெண்டு பேரும் முழுசா வந்துட்டீங்க. சிறுத்தை பொய்தானுங்களே மேடம்? அப்ப, நாங்க உள்ள போலாமுங்களா?"

அவன் இடுப்பில் உண்டிவில் எட்டிப் பார்த்தது.

பிரவீனா வழியை மறித்து நின்றாள்.

"ராசப்பன் நான் போட்ட காவல். சிறுத்தை ஒண்ணு இல்ல, ரெண்டு. அதுல ஒண்ணு மூணு குட்டி வேற போட்டிருக்கு. ஒருத்தரும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க!"