தேதி இன்னும் வரலம்மா

"ஆள் பாத்துத்தான் தேதி குடுப்பீங்களா?"

கவுன்ட்டர் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு அந்த அம்மாள் கேட்ட கேள்வியில் வரிசையே திரும்பிப் பார்த்தது. முப்பது வருஷம் விளையாட்டு டீச்சராக மைதானத்தில் கத்திய குரல், மைக் தேவையில்லை.

முழங்கால் மூட்டு தேய்ந்து, ஒரு வருஷமாக ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார். இவருக்கு அப்புறம் பதிவு செய்த எதிர்வீட்டுக்காரி ஜம்மென்று மாடிப்படி ஏறுகிறாள். இவரோ பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டுகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது.

பாவம், மகளைக் குறை சொல்ல முடியாது. ஆபீஸ் வேலைக்கு நடுவிலும் தன் ஃபோனில் ஆஸ்பத்திரி ஆப்பைத் திறந்து பார்ப்பாள். "அம்மா, உன் ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு" என்பாள். இவரும் சொல்வார். "தேதி இன்னும் வரலம்மா" என்று பெருமூச்சு விடுவாள்.

இன்று மகளுக்கு லீவு. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நேரில் ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று இவரே வந்துவிட்டார்.

கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "மூணு தடவை தேதி குடுத்திருக்கும்மா. மூணையும் நீங்கதான் ரத்து பண்ணியிருக்கீங்க."

"நானா? எனக்கு அந்த ஆப்பைத் திறக்கவே தெரியாது. வேண்டப்பட்டவங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டு பழியை என் தலையில போடுறீங்களா?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. "சரி விடுங்க. வர்ற திங்கக்கிழமை ஒரு இடம் காலியா இருக்கு, போட்டுட்டேன். ஆப்ல இப்பவே தெரியும். அதைப் பாக்குறதுக்கு ஒண்ணும் வேணாம். ரத்து பண்ணாத்தான் உங்க ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க."

அந்த அம்மாள் நன்றி சொல்ல வாயெடுத்தார்.

கைப்பைக்குள் ஃபோன் ஒரு தடவை சிணுங்கியது. எடுத்துப் பார்ப்பதற்குள் மகளே கூப்பிட்டாள்.

"அம்மா, கடையிலயா இருக்கே? உன் ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, வந்திருந்த நம்பரைப் பார்த்தார்.

"எதுக்குடி?" என்று கேட்டார். அந்தக் குரல் பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை.

"தேதி வந்திருக்கான்னு பாக்கத்தாம்மா."