முப்பது பொட்டலம்

சம்பளம் வந்த அன்றே அரிசியையும் பருப்பையும் நாளுக்கொன்றாக முப்பது பொட்டலம் கட்டிவிடுவாள் சந்தனமாரி. நாளைய பொட்டலத்தை இன்று பிரிக்கக்கூடாது. காலில் கட்டுப்போட்டு வேலையில்லாமல் கிடக்கும் கணவன் வனமாமலைகூட அதை மீறியதில்லை.

ஒரகடத்துக் கம்பெனியில் அன்று அவளை மேடையேற்றினார்கள்.

“ஒரு வருசமா ஒரு நாள் லீவு போடல. ஞாயித்துக்கிழமை ஓ.டி.யும் வுடல. காய்ச்சலோடகூட வந்துச்சு இந்தப் பொண்ணு. இன்னா ஒரு பொறுப்பு பாருங்க!” சூப்பர்வைசர் கன்னியப்பன் மைக்கில் முழங்கினார். “அதுக்குப் பரிசா, நாளையிலேர்ந்து மூணு நாள் சம்பளத்தோட லீவு!”

சந்தனமாரியின் முகம் வெளிறியது.

“லீவு வேண்டாம் சார். நான் வேலைக்கே வாரேன்.”

“பாத்தீங்களா, குடுத்தாலும் வேணாங்குது!”

கைதட்டல் பலத்தது.

“அதெல்லாம் முடியாதும்மா. உன் கார்டை மூணு நாளைக்கு லாக் பண்ணியாச்சு. கேட்டே தொறக்காது. வூட்ல நல்லா சாப்ட்டு ரெஸ்ட் எடு.”

பென்னலூர் வாடகை அறையில் சேதி கேட்டதும் மகள் துள்ளினாள்.

“அப்ப மூணு நாளும் எங்ககூட உக்காந்து சாப்புடுவியாம்மா?”

வனமாமலை சிரிக்கவில்லை. சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அலமாரியில் பத்தே பொட்டலம்.

“என்னட்டி செய்யப்போற?” என்றான்.

கம்பெனி கேன்டீன் சாப்பாட்டை நம்பி, ஒவ்வொரு பொட்டலத்திலும் அவள் கட்டியிருந்தது இரண்டே பேருக்கான அரிசி.