முதலாளி நாற்காலி

"இந்தக் கம்பெனிக்கு யாரு முதலாளி?"

நொயெமி கேட்டது மரிக்ரூஸிடம். பதில் வந்தது மரிக்ரூஸின் புருஷனிடமிருந்து.

"இதென்ன கேள்வி? நான்தான்!" என்றார் எவுசேபியோ, சுழல் நாற்காலியில் ஒரு அரை வட்டம் அடித்தபடி.

போச்சுடா, என்று நினைத்துக்கொண்டாள் நொயெமி.

பெண்கள் நடத்தும் தொழில் என்று சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருந்தவள் மரிக்ரூஸ். கூரை போடும் கம்பெனி. சான்றிதழ் வந்தால் சான் அன்டோனியோ பள்ளிக்கூடங்களின் கூரை வேலைக்குப் போட்டி போடலாம். வராவிட்டால், குளிர்காலத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதுவது நொயெமியின் வேலை. அவளும் இந்த ஊர் மெக்சிகோக்காரிதான், தன் இனத்து ஆண்களைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பெண்டாட்டி பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, பின்னால் உட்கார்ந்து அதிகாரம் பண்ணும் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். ஆனால் அவர்கள்கூட அதிகாரி வருகிற அன்று வீட்டில் பதுங்கிக்கொள்வார்கள். இந்த மனுஷர் இஸ்திரி போட்ட சட்டையோடு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார்.

மரிக்ரூஸ் ஓரமாக ஒரு மடக்கு நாற்காலியில். அவளுடைய முதல் வேலை, புருஷனுக்குப் பட்டை போட்ட காபி ஊற்றிக் கொடுத்ததுதான்.

"வேலைக்கு ரேட் போடுறது யாரு?"

"நான்தான்."

"ஆளை வேலைக்கு வைக்கிறது?"

"அதுவும் நான்தான். ஏன் கிழவி, சும்மா இருக்கே? சொல்லேன்!"

"ஆமா, எல்லாம் அவர்தான்" என்று சிரித்தாள் மரிக்ரூஸ்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நொயெமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப் பயந்து சாகிற பெண்ணுக்கு எதற்குச் சான்றிதழ்?

கதவைத் திறந்து மேஸ்திரி லாலோ எட்டிப் பார்த்து, 'முதலாளி' என்று ஸ்பானிஷில் கூப்பிட்டான்.

"பத்ரோன், மாதா கோயில் தெரு வீட்டுக்கு என்ன ஓடு ஏத்தட்டும்?"

"சிவப்பு!"

"சரி பத்ரோன்."

போகிறபோது லாலோ ஒரு கணம் மரிக்ரூஸைப் பார்த்தான். அவள் காபிப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நான் அம்மாகிட்ட தனியா பேசணும். நீங்க கொஞ்சம் வெளியே இருக்கீங்களா? எங்க விதி அப்படி."

எவுசேபியோ இடத்தை விட்டு அசையவில்லை. "எதுக்கு மகளே? சான்றிதழ் அவ பேர்ல, ராஜ்ஜியம் என் பேர்ல. இதுல என்ன ரகசியம்?"

நொயெமி பேனாவை மூடினாள். மரிக்ரூஸை வாசலுக்கு அழைத்து வந்து கதவைச் சாத்தினாள்.

"விண்ணப்பம் உங்களது, வாய் மட்டும் அவரது. இதுக்கு நான் எப்படிச் சான்றிதழ் தர்றது? அவரை எழுந்து வெளியே போகச் சொல்லிட்டு, நீங்க அந்த நாற்காலியில உட்கார்ந்து பேசுங்க. கேக்கறேன்."

"அதை மட்டும் என்னால சொல்ல முடியாது."

"அப்போ சான்றிதழ் இல்லைன்னுதான் நான் எழுதணும்."

மரிக்ரூஸின் கண் கலங்கிவிட்டது. முற்றத்தில் சுமை ஏற்றிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"எழுதிக்கோங்க. அவர் காதுபட மட்டும் சொல்லாதீங்க."

இப்படியும் ஒரு அடிமையா என்று பொருமிக்கொண்டே நொயெமி காரைத் திறந்தாள். பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். எவுசேபியோ ஒரு காலை இழுத்து இழுத்து ஓடி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பை நிறைய இனிப்பு பன்.

"லஞ்சமா?"

"சேச்சே! இது, அவ பார்த்துட்டு எங்கே போனேன்னு கேட்டா சொல்றதுக்கு. உன்னை வழியனுப்ப வந்தேன்னு சொல்லிக்கலாம்ல?" குரலைத் தாழ்த்தினார். "கதவு மெல்லிசு மகளே, எல்லாம் கேட்டுச்சு. கொஞ்சம் ஜாஸ்தியா நடிச்சிட்டேன்."

"நடிச்சீங்களா?"

அவர் மாதா கோயில் தெருவுக்குப் புறப்பட நின்ற லாரியின் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அடுக்கியிருந்தது அத்தனையும் சாம்பல் நிற ஓடு.

"நான் என்ன சொன்னேன்?"

"சிவப்பு."

"நான் எதைச் சொன்னாலும் அவ சொன்னதுதான் வண்டி ஏறும். கூரையிலேர்ந்து விழுந்தேன் பாரு, அதுக்கப்புறம் எனக்குக் கணக்கு மண்டையில நிக்கறதில்லை. வீட்டுல சுவரைப் பார்த்து உட்கார்ந்துட்டேன், முகச்சவரம்கூட இல்லை. இவதான் இழுத்துட்டு வந்து தன் நாற்காலியில உட்கார வெச்சா. எல்லாத்தையும் என்கிட்ட கேக்கணும்னு பையன்களுக்கு உத்தரவு. ரேட்டு, ஆளு, சரக்கு எல்லாம் அவ போடுறதுதான். லாலோவைக் கேளு."

"உங்களுக்கு இது தெரியும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அவ மனசு உடைஞ்சிடும். நீ சொல்லிடாதே."

நொயெமி முற்றத்துக்குப் போனாள். லாலோவைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். திரும்பி வந்து, மூடிய பேனாவைத் திறந்தாள்.

"ஐயா, கடைசியா ஒரே கேள்வி. உண்மையைச் சொல்லணும். இங்க யாரு முதலாளி?"

அலுவலக ஜன்னலில் மரிக்ரூஸின் முகம் தெரிந்தது. எவுசேபியோ சட்டென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"நான்தான்னு அவ முடிவு பண்ணியிருக்கா. அவ முடிவை மீற எனக்கு ஏது அதிகாரம்?"