மூடாத லேப்டாப்

நிச்சயதார்த்தத்தில் பெண்ணை அழைத்ததும் செவ்வந்தி, திறந்த லேப்டாப்பைத் தாம்பாளம்போல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு சபைக்கு வந்தாள். கண்ணாடி போட மறந்த அத்தை அதன்மேல் வெற்றிலை பாக்கு வைத்தாள்.

"அதை மூடி வச்சிட்டு வாடி," என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"மூடினா உன் ஆர்டரெல்லாம் நின்னுடும்மா."

அம்மாவின் இட்லி மாவு வியாபாரத்துக்கு ஆர்டர் எடுக்க, செவ்வந்தி பைத்தான் நிரல்மொழியில் ஒரு இணையதளம் எழுதி, அதை இந்த லேப்டாப்பிலேயே ஓட விட்டிருந்தாள். மூடினால் தளமும் தூங்கிவிடும். குளிக்கப் போகும்போதுகூட, யாரும் மூடிவிடாதபடி திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் ஒரு கரண்டியைச் செருகிவிட்டுத்தான் போவாள்.

மாப்பிள்ளை மாதேஷுக்கும் நிரல் எழுதுவதுதான் தொழில். எழுந்து வந்து, வெற்றிலையை நகர்த்திவிட்டுத் தட்டத் தொடங்கினான். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எங்கோ அணையாமல் ஓடும் வாடகை சர்வர் ஒன்றில், யார் துணையும் இல்லாமல் தானாகவே ஓடும்படி தளத்தை ஏற்றிவிட்டு மாதேஷ் எதிரே இருந்த தன் நாற்காலிக்குத் திரும்பினான்.

"இப்ப மூடுங்க."

செவ்வந்தி கண்ணை இறுக்கிக்கொண்டு மூடினாள். சபையே அம்மாவின் போனைப் பார்த்தது. சத்தமில்லை. பிறகு மணி அடித்தது.

அம்மா உரக்கப் படித்தாள்: "ரெண்டு பேருக்கு மாவு. முகவரி, எதிர் நாற்காலி."